72 அங்குல வாழ்க்கை

அமெரிக்காவில் கையால் கத்தி செய்கிறவர்களின் பட்டறைகளில் சுவரெல்லாம் முளையடித்து பெல்ட்டுகள் தொங்கும். அகலம் 2 அங்குலம், சுற்றி அளந்தால் 72 அங்குலம். நம் தச்சர்கள் கையில் பிடித்துத் தேய்க்கும் உப்புத்தாளின் இனம்தான் இது. தாளுக்குப் பதில் தடித்த துணி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கியிருப்பார்கள். கத்தியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எஃகைப் பேசுவோம், பிடியில் போட்ட மரத்தைப் பேசுவோம். அந்த எஃகைக் கத்தியாக்கிவிட்டுத் தானும் தேய்ந்துபோகிற பெல்ட்டைப் பற்றிப் பேச ஆளில்லை. இந்த பெல்ட்டைச் சக்கரங்களில் ஓட்டும் கிரைண்டர் ஒரு பட்டறைக்கு எதற்கு இரண்டு மூன்று என்று கேட்கிறவர்களுக்கு நான் பெல்ட்டின் ஆயுளைத்தான் சொல்வேன்.

பெல்ட்டுக்கு முன்னால் கல் இருந்தது. பிரான்சின் தியேர் நகரில், துரோல் ஆற்றங்கரையில், சாணைக்காரர்கள் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே சுழலும் கல்லில் கத்தியை அழுத்தினார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல் கால்மேல் நாயைப் படுக்கவைத்துச் சூடு பெற்றார்கள். கல்லிலிருந்து தெறித்த மஞ்சள் சேறு படிந்ததால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிற்றுக்காரர்கள்’ என்றே பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் விடாமல் மணற்கல்லில் முள்கரண்டி தீட்டியவர்களின் நுரையீரலில் கல்தூசு படிந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அவர்களில் குறைவு. கத்தியின் பளபளப்புக்குக் கொடுக்கப்பட்ட விலையில் இந்த உயிர்களையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

மணற்கல்லை ஓரங்கட்டியது உலையில் பிறந்த தேய்ப்பு மணி. 1891இல் எட்வர்ட் குட்ரிச் அச்சிசன் மின்உலையில் சிலிக்கான் கார்பைடை உண்டாக்கி, கார்போரண்டம் என்று பெயரிட்டார். (1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கைகோத்து சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.) 1902இல் மினசோட்டாவில் கொரண்டம் என்ற தேய்ப்புக் கனிமத்தை வெட்டியெடுக்கக் கிளம்பிய ஒரு கம்பெனி, தோண்டியது கொரண்டமே இல்லை என்று தெரிந்து, பிழைப்புக்கு உப்புத்தாள் செய்யப் போனது. அதுதான் 3எம். 1981இல் கியூபிட்ரான் என்ற செராமிக் மணியைக் கொண்டுவந்ததும் அதே 3எம்.

ஆயுளைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் நம் பெல்ட் இந்த செராமிக் குடும்பம். மணியின் பருமனைக் குறிக்கும் எண் 36, அதாவது நல்ல முரடு. துணியில் பிசின் பூசி மின்புலத்துக்குள் செலுத்தும்போது மணிகள் எழும்பி, கூரான முனை வெளியே பார்க்க நிமிர்ந்து ஒட்டிக்கொள்ளும். மேலே இன்னொரு பூச்சுப் பிசின் அவற்றை இறுக்கிப் பிடிக்கும். செராமிக் மணி மழுங்கும்போது மொழுக்கென்று ஆகிவிடாது. நுண்ணிய சில்லுகளாக உடைந்து புதுக் கூர் காட்டும். ஆனால் அது உடைவதற்கு அழுத்தம் வேண்டும், அழுத்தினாலும் தளராத மோட்டார் வேண்டும். சின்ன மோட்டாரில் மாட்டி மெல்லத் தடவினால் மணி உடையாமல் வழவழத்துப்போய், விலை கொடுத்து வாங்கிய பெல்ட் வெறும் சூட்டைத்தான் தரும்.

ஆகவே அதன் முதல் வாசம் பட்டறையிலேயே பலமான கிரைண்டரில். அமெரிக்க மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓடும் மோட்டாரில் 4 அங்குலச் சக்கரம் பூட்டியிருந்தால், பெல்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 அடி ஓடும். பெல்ட்டின் நீளமே 6 அடிதான். நொடிக்கு 10 தடவை அதே மணி அதே எஃகின் முன்னால் வந்து நிற்கிறது. இப்படித் தேய்த்தே கத்தியெடுப்பதற்குப் பேர்போனவர் பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கர், 1954இல் கத்தி செய்யத் தொடங்கியவர். சுத்தியலால் அடித்து உருவாக்காமல், எஃகுப் பட்டையிலிருந்து வேண்டாததைத் தேய்த்து நீக்கிக் கத்தியெடுக்கும் வழியை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முன்னால் நிற்பவர். அந்த வழிக்கு வந்தவர்களுக்கு உலையும் சுத்தியலும் பின்னால் போய், பெல்ட்தான் முதல் கருவியானது.

ஆனால் புத்தம்புது பெல்ட்டில் நேராக எஃகை வைக்கக்கூடாது. வெட்டியெடுத்த பட்டையின் ஓரம் செங்குத்தாக, விளிம்பு கூராக இருக்கும். அந்த விளிம்பு புது பெல்ட்டில் பட்டால் மணிகளை வேரோடு பெயர்த்துவிடும். அதனால் தேர்ந்த கை, முதலில் ஒரு பழைய பெல்ட்டில் விளிம்பை 45 பாகையில் மழித்துவிட்டு, பிறகுதான் புதியதிடம் கொண்டுபோகும். உலையில் அடித்த கத்தியானால் மேலே படிந்த கருஞ்செதில் வேறு இருக்கும். அது எஃகைவிடக் கடினம். புது பெல்ட்டின் கூரைச் சில நிமிடத்தில் தின்றுவிடும். அதை உரிக்கவும் பழையதுதான் வேண்டும். புதியது நெடுநாள் உழைக்கவேண்டுமானால் பழையது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கவேண்டும்.

ஒரே கிரைண்டர் வைத்திருப்பவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். பெல்ட்டைக் கழற்றி மாட்ட அரை நிமிடம்கூட ஆகாது, உண்மைதான். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். கத்தியின் சரிவு பிடிக்கு அருகில் வந்து நிற்கும் கோடு இருபக்கமும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் அமையவேண்டும். அதற்காக பெல்ட்டின் ஓரம், பின்னால் தாங்கும் பிளாட்டன் என்ற தட்டைத் தகட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டு ஓடும்படி பெல்ட்டின் ஓட்டத்தை நகர்த்தும் டிராக்கிங் திருகாணியைத் திருகி நிறுத்தியிருப்பார். இடது பக்கம் முடிந்து வலது பக்கம் பாதியில் இருக்கும்போது பெல்ட்டை மாற்றினால் அந்த ஓட்டம் இடம் மாறும். மறுபடி திருகி நிறுத்தலாம். பழைய இடத்திலேயே நின்றதா என்பது கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். பார்க்கும்போது எஃகு போயிருக்கும், போன எஃகு திரும்பி வராது. தட்டைத் தகட்டைக் கழற்றி 10 அங்குல ரப்பர்ச் சக்கரம் மாட்டுவது, அதையும் கழற்றி விரல்வளைவுக்கான சிறு சக்கரம் மாட்டுவது என்று தொடங்கினால் வேலை நேரத்தில் பாதி பூட்டிக் கழற்றுவதிலேயே போகும். அதற்குச் சோம்பி, மழுங்கிய பெல்ட்டிலேயே இன்னும் ஒரு கத்தி என்று ஓட்டுவார்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாது, சுடும். பெல்ட் இலவசமாய் வந்ததுபோல் எண்ணி மாற்றிக்கொண்டே இரு என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு சரி. ஆனால் மாற்றிய பெல்ட் எங்கே போவது?

இரண்டாவது கிரைண்டருக்குப் போகவேண்டும். நம் 36 எண் பெல்ட் சில கத்திகளுக்குச் சரிவு எடுத்துக் கொடுத்துக் கூர் தளர்ந்ததும், அடுத்த கிரைண்டரில் ஏறுகிறது. அங்கே அதன் வேலை விளிம்பு மழிப்பது, செதில் உரிப்பது, பிடிக்குள் போகும் வாலைச் சீர்செய்வது, தனக்குப் பின் வந்த புது பெல்ட்டுக்கு வழி செய்து கொடுப்பது. முதல் வாழ்க்கையைவிட இது நீளம். ஒற்றைக் கிரைண்டர் பட்டறையில் இதே பெல்ட் ஆணியில் தொங்கி, ஈரத்தில் சுருண்டு, கடைசியில் குப்பைக்குப் போயிருக்கும்.

இரண்டுக்கு மேலும் கிரைண்டர் வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் காரணம் சூடும் தீயும். காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கும் தோய்ச்சலைக் கொடுத்து, மறுபடி 200 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு இளக்கிய கத்தியின் வாய் அரை மில்லிமீட்டர் கனம்தான். வேகமாய் ஓடும் பெல்ட்டில் அது கணத்தில் வைக்கோல் நிறம் காட்டி, சுமார் 300 பாகையில் நீலமாகும். கார்பன் எஃகில் நீலம் ஏறிய இடத்தில் தோய்ச்சலின் கடினம் இறங்கிவிட்டது. மேலே மெருகு போட்டு மறைக்கலாம், வாய் நிற்காது. தோய்ச்சலுக்குப் பிறகு வேலை செய்ய மெதுவாய் ஓடுகிற கிரைண்டரும் புது பெல்ட்டும் அருகில் ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். பிடி மரத்தைத் தேய்ப்பதோ இதிலிருந்தும் தள்ளி நடக்கவேண்டும். எஃகு தேய்த்த பெல்ட்டில் வெளிர்மரத்தைக் காட்டினால் இரும்புத் துகள் புதைந்து மரம் கறுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மரத்தூள் சேர்ந்த உறிஞ்சுப் பைக்குள் எஃகின் பொறி ஒன்று போய் விழுவது. அது கனன்று கனன்று, ஆள் வீட்டுக்குப் போனபிறகு பற்றும். எஃகுக்குத் தனி கிரைண்டர், மரத்துக்குத் தனி கிரைண்டர், இரண்டுக்கும் தனித்தனி தூசு வழி. முகத்தில் முகமூடி இரண்டு இடத்திலும். இதில் பணக்காரர், ஏழை என்ற பேச்சுக்கு இடமில்லை.

நல்ல 2க்கு 72 கிரைண்டர் ஆயிரக்கணக்கான டாலர் என்பதால் எல்லாம் ஒரே தரத்தில் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பணத்தை முதல் கிரைண்டரில் போடலாம். இரண்டாவதைச் சதுரக் குழாயும் பழைய மோட்டாரும் வைத்துப் பட்டறையிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் நிறைய பேர். தளர்ந்த பெல்ட்டுக்கு அது தாராளம். மரத்துக்கு 1 அங்குல பெல்ட் ஓடும் சின்னது போதும்.

நம் பெல்ட் அந்த இரண்டாவது கிரைண்டரிலேயே ஓடி, ஒருநாள் ஒட்டு விட்டுப் படாரென்று அறுகிறது. அறுந்ததையும் எறிவதில்லை. விரல் அகலத்துக்குக் கிழித்து, குச்சியில் சுற்றி, உலைக் குறடுகளின் துருவைத் தேய்க்க வைத்துக்கொள்கிறார்கள். கிரைண்டரில் அதன் இடத்துக்கு, முதல் கிரைண்டரிலிருந்து இறங்கிய அடுத்த 36 ஏறுகிறது.