பாப்பாத்தியம்மா கோயிலில் கற்றவர்கள்

பாளையங்கோட்டையில் 1785இல் அர்ப்பணிக்கப்பட்ட பழைய தேவாலயத்தை ஊரார் 'பாப்பாத்தியம்மா கோயில்' என்பார்கள். அதைக் கட்டுவித்தவர் தஞ்சைப் பக்கத்துப் பிராமணக் கைம்பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த காலத்தில் அவரிடம் கிறிஸ்தவம் கற்றார். மணமாகாத உறவு என்று ஞானஸ்நானம் தர மறுத்த மிஷனரி ஸ்வார்ட்ஸ், அதிகாரி இறந்த பிறகு, 1778இல் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயரிட்டார்.

1780இன் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். முதல் பெயர் அவருடையது. வளர்ந்த பிறகு மதம் மாறியவர்களின் சபைக்குக் கற்பிக்க ஆள் வேண்டும். தஞ்சைக்கே போய் உபதேசியார் கேட்டார் குளோரிந்தா. அனுப்பப்பட்டவர்கள் ஆண்கள். பள்ளியைக் கேட்டவர் பெண். ஆசிரியர் பதவி ஆணுக்கு.

19ஆம் நூற்றாண்டில் 'பைபிள் பெண்கள்' வந்தார்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத உள்வீடுகளுக்குப் போய், வயது வந்த பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் கைம்பெண்கள். அவர்களிடம் எழுத்துக்கூட்டிப் படித்தவள், இன்னொருவர் சொல்லும் பொருளை நம்பியிருக்கத் தேவையில்லை. வசனத்தைத் தானே திறந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனாலும் பிரசங்கபீடம் அவர்களுக்கு நெடுங்காலம் எட்டவில்லை.

சபை குளோரிந்தாவுக்குப் புதுப்பெயர் தந்தது. ஊர் நினைவில் நின்றதோ சாதிப்பெயர். வசனம் மனப்பாடமானது, சாதி மறக்கவில்லை. சிறுபிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி போதும் என்று நினைக்கும் சபைகள் இதை யோசிக்க வேண்டும். சாதியையும் ஆணாதிக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரியவர்கள். முதலில் பாடம் படிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.