பாண்டியக் கரையில் மடிந்த குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கப்பல்களில் வந்திறங்கிய குதிரைகள் இங்கே விரைவில் மடிந்ததாக எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இராமநாதபுரத்துப் பெரியபட்டினம் உள்ளிட்ட துறைமுகங்கள் செழித்திருந்த காலம் அது. ஒரு குதிரையின் விலை 220 தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அவர் தரும் தீவன விவரம்தான் முக்கியம்: வறுத்த பார்லி, வெண்ணெயிட்டுச் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்ததாகப் போலோவும் சொல்கிறார். ஆக, அக்குதிரைகளைக் கெடுத்தது அலட்சியம் அல்ல, தீவனம் என்றே கருதுகிறேன்.

குதிரையின் குடல் புல்லுக்கானது. மாவுச்சத்து மிகுந்தால் அது பெருங்குடலில் புளித்து, நுண்ணுயிர் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களைச் சுரக்கின்றன. அழற்சி குளம்புக்குள் பரவ, எலும்பைத் தாங்கும் மென்தகடுகளின் பிடி தளர்கிறது. முன்னங்காலை ஊன்ற முடியாமல் குதிரை பின்னால் சாய்ந்து நிற்கும். வெயிலே கொன்றது என்பார்கள். வெயிலும் துணைபோயிருக்கும், ஆனால் அதே வெயிலில் பிற்கால நாயக்கர் படைகளில் குதிரைகள் ஓடின. எலும்புச் சான்று இல்லாமல் நோயின் பெயரை அறுதியிட முடியாது என்பதும் நியாயமே. ஆனாலும் போலோ, வஸ்ஸாஃப் ஆகிய இரு சாட்சிகளும் ஒரே தீவனத் தொட்டியைக் காட்டுகிறார்கள். மாடும் புல் தின்னும் உயிர்தான்; மாட்டுப் பொங்கலன்று அதற்குச் சோற்றை அள்ளி வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்: கைப்பிடி போதும், வயிறு நிறையப் புல்லே கொடுங்கள்.