18 கஜமும் 464 கஜமும்: அலபாமாவின் குவாட்டர்பேக் வரிசை

1993 புத்தாண்டு இரவு, நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் சுகர் பௌல் ஆட்டம் நடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அந்தப் பருவத்தின் தேசியச் சாம்பியன் யார் என்பதை முடிவு செய்யும் போட்டி அது. ஒரு பக்கம் மயாமி பல்கலைக்கழகம். அதன் குவாட்டர்பேக் ஜினோ டொரெட்டா, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதைச் சில வாரங்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தார். மறுபக்கம் அலபாமா பல்கலைக்கழகம், குவாட்டர்பேக் ஜே பார்க்கர். அன்று பார்க்கர் 13 முறை பந்தை எறிந்தார். தன் அணியினர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை நான்கே. அவற்றால் கிடைத்தது மொத்தம் 18 கஜம். இரண்டு பந்துகளை எதிரணி இடைமறித்துப் பறித்துக்கொண்டது. இருந்தும் அலபாமா 34-13 என வென்று பட்டத்தைக் கைப்பற்றியது.

2021 ஜனவரி 11 அன்று அதே அலபாமாவுக்கு இன்னொரு இறுதிப் போட்டி. எதிரில் ஒஹையோ ஸ்டேட். குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் ஒரே ஆட்டத்தில் 464 கஜம் எறிந்தார், ஐந்து டச் டவுன் (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) கொடுத்தார். முடிவு 52-24.

இந்த இருவரில் யார் பெரியவர்? அலபாமா ரசிகர்களிடம் கேட்டால் பதில் ஒரு வரியில் முடியாது. டஸ்கலூசா நகரில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், பல்கலைக்கழகத்தின் நடுவே இருக்கும் பெரிய புல்வெளியில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, காலையிலிருந்தே கூடிவிடுவார்கள். தாத்தா ஜோ நேமத்தைப் பற்றிப் பேசுவார், அப்பா பார்க்கரைப் பற்றி, பிள்ளை பிரைஸ் யங்கைப் பற்றி. புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் டென்னி சைம்ஸ் மணிக்கூண்டின் அடியில், 1940களின் கடைசியிலிருந்து ஒவ்வோர் ஆண்டு அணித்தலைவரின் கைத்தடமும் காலடித்தடமும் சிமெண்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் குனிந்து பெயரைப் படிப்பார்கள். குழந்தைகளின் கையைப் பிடித்து அந்தக் குழிக்குள் வைத்துப் பார்ப்பார்கள். நேமத்தின் கை எவ்வளவு பெரியது என்பதை அங்கே தொட்டே தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வருவதில்தான் தொடங்குகிறது. எறிவதா, வேறொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை ஓரிரு நொடிக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். வெற்றியோ தோல்வியோ அவர் பெயரில்தான் எழுதப்படும். அதனால்தான் ரசிகர்களின் ஒப்பீடும் அவரையே சுற்றி வருகிறது.

அலபாமாவில் இந்த வரிசையைப் பெரும்பாலோர் 1958இலிருந்து தொடங்குவார்கள். பால் 'பேர்' பிரையன்ட் பயிற்சியாளராக வந்த ஆண்டு அது. அதற்கு முன் அங்கே ஆடிய ஒருவரை விட்டுவிட முடியாது: பார்ட் ஸ்டார். மாண்ட்கோமரி நகரத்துப் பிள்ளை. முதுகில் காயம்பட்ட பிறகு கடைசி இரண்டு ஆண்டுகள் பெரிதாக ஆடவில்லை. 1955இல் அவர் இருந்த அணி பத்து ஆட்டத்திலும் தோற்றது. தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 17ஆவது சுற்றில், 200ஆவது ஆளாகத்தான் கிரீன் பே அணி அவரை எடுத்தது. அந்த மனிதர்தான் பிறகு ஐந்து தொழில்முறைச் சாம்பியன் பட்டங்களையும், தொழில்முறை ஆட்டத்தின் உச்சப் போட்டியான சூப்பர் பௌலின் முதல் இரண்டையும் வென்றார். 'பின்னால் என்ன சாதித்தார்' என்பதை வைத்துக் கல்லூரிக் குவாட்டர்பேக்கை அளந்தால், ஸ்டார் முதலிடத்துக்கே வந்துவிடுவார். அலபாமாவின் சட்டையில் அவர் செய்ததை மட்டும் பார்த்தால் பட்டியலிலேயே வரமாட்டார். கல்லூரி ஒப்பீட்டில் கல்லூரி ஆட்டம்தான் கணக்கு என்று பழைய ரசிகர்கள் பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

பிரையன்டின் முதல் தேசியப் பட்டம் 1961இல் வந்தது. குவாட்டர்பேக் பாட் டிராமல், ஸ்காட்ஸ்பரோ ஊர்க்காரர். அந்த அணி பதினொரு ஆட்டத்திலும் வென்றது. பருவம் முழுவதும் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த புள்ளிகள் வெறும் 25. டிராமலுக்கு எறிவதும் அழகாக வராது, ஓடுவதும் அழகாக வராது, ஜெயிக்க மட்டும்தான் தெரியும் என்ற பொருளில் பிரையன்ட் பெருமையோடு சொல்லிவந்தார். டிராமல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவில்லை. மருத்துவம் படித்து டாக்டரானார். 1968 டிசம்பரில், 28 வயதில், புற்றுநோயில் இறந்தார். தன்னிடம் ஆடியவர்களில் பிரையன்டின் மனதுக்கு மிக நெருக்கமானவர் டிராமல் என்பது அலபாமாவில் எல்லோருக்கும் தெரியும். இன்றைய இளைஞர்களின் பட்டியல்களில் அவர் பெயர் கீழே போய்விடுகிறது. அவர் ஆட்டத்தின் காணொளி அதிகம் கிடைப்பதில்லை, எண்களும் சிறியவை. இது பெரிய அநியாயம். 25 புள்ளி மட்டுமே விட்டுக்கொடுக்கும் அணியில் குவாட்டர்பேக்கின் முதல் கடமை பந்தைத் தொலைக்காமல் இருப்பது. அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர் இல்லை.

அடுத்து ஜோ நேமத். பென்சில்வேனியாவின் பீவர் ஃபால்ஸ் ஆலை ஊரிலிருந்து வந்தவர். பிரையன்ட் பயிற்சியைப் பார்ப்பதற்கென்று ஓர் உயரமான கோபுரம் வைத்திருந்தார். அதன்மேல் யாரையும் ஏற்றமாட்டார். வந்த புதிதிலேயே நேமத்தை மேலே கூப்பிட்டார் என்பது ஊரறிந்த கதை. 1962 முதல் 1964 வரை நேமத் ஆடினார், 29 வெற்றி, 4 தோல்வி. 1963இல் ஒழுங்கு மீறியதற்காகக் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவரைப் பிரையன்ட் நிறுத்திவைத்தார். 1964 அக்டோபரில் முழங்கால் போனது. அதோடும் 1965 புத்தாண்டு இரவில் ஆரஞ்சு பௌலில் டெக்சஸுக்கு எதிராக இறங்கி 255 கஜம் எறிந்தார். கடைசிக் கட்டத்தில் கோட்டருகே பந்தோடு தானே பாய்ந்தார். கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். அலபாமா 21-17 எனத் தோற்றது. தாண்டிவிட்டேன் என்று நேமத் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற அணியில் இருந்தும் ஆட்ட நாயகன் அவரே. அடுத்து நியூயார்க் ஜெட்ஸ் 4,27,000 டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அந்தக் காலத்தில் நாடே வாய்பிளந்த தொகை.

மூன்று பருவங்களிலும் சேர்த்து நேமத் எறிந்தது ஏறத்தாழ 2,700 கஜம். மேக் ஜோன்ஸ் 2020இல் ஒரே பருவத்தில் 4,500 கஜம். பிரைஸ் யங் 2021இல் 4,872. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியாது. அந்த விதி 1972இல்தான் மாறியது. பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்தை விட்டால், பருவத்துக்குப் பத்து ஆட்டம்தான். ஆட்களை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருந்ததால், தாக்குதலில் பந்தெறிந்த குவாட்டர்பேக் தற்காப்பிலும் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தடை 1965இல்தான் முழுதாக நீங்கியது. பௌல் ஆட்டங்களின் எண்கள் 2002 பருவத்திலிருந்துதான் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தன. ஆக, முழங்கால் வலியோடு நேமத் எறிந்த அந்த 255 கஜம் மேலே சொன்ன 2,700இல் இல்லவே இல்லை. ஜோன்ஸின் 464 அவருடைய 4,500இல் இருக்கிறது.

நேமத்துக்குப் பின் ஸ்டீவ் ஸ்லோன் 1965இல் பட்டம் வென்றார். அவருக்குப் பின் ஃபோலி ஊரின் இடக்கைக்காரர் கென் ஸ்டேப்ளர், 'பாம்பு' என்று பட்டப்பெயர். 1967இல் பர்மிங்ஹாமில் கொட்டும் மழையில், சேறாகிப்போன களத்தில், பரம எதிரி ஆபர்னுக்கு எதிராக 47 கஜம் ஓடி டச் டவுன் போட்டார். ஆட்டம் 7-3. அந்த ஓட்டத்துக்கு என்றே ஒரு பெயர் உண்டு: சேற்று ஓட்டம்.

1970இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பர்மிங்ஹாமுக்கே வந்து 42-21 என அலபாமாவைத் தோற்கடித்தது. பிரையன்ட் ஆட்டமுறையையே மாற்றினார். டெக்சஸின் டேரல் ராயல் பயன்படுத்திய 'விஷ்போன்' முறையைக் கற்றுவந்து, வெளியே தெரியாமல் பயிற்சி கொடுத்து, 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸில் போய் 17-10 எனக் கணக்கைத் தீர்த்தார். குவாட்டர்பேக் டெரி டேவிஸ். இந்த முறையில் எறிவது அபூர்வம். குவாட்டர்பேக் பந்தை வாங்கியதும் பின்னாலிருக்கும் ஆளின் வயிற்றுப் பக்கம் நீட்டுவார். எதிரணித் தற்காப்பாளர் அந்த ஆள் மேல் பாய்கிறாரா என்று கண்ணால் பார்ப்பார். பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு ஓரமாக ஓடுவார். அங்கும் மறித்தால் பக்கத்தில் ஓடிவருபவரிடம் தள்ளிவிடுவார். எல்லாம் மூச்சு விடுவதற்குள் நடக்கும். 1970களில் அலபாமா 103 ஆட்டம் வென்றது. அந்தக் குவாட்டர்பேக்குகளை எறிந்த கஜத்தால் அளப்பதில் பொருளே இல்லை.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைத் தாண்டிப் போக முடியாது. 1963 ஜூனில், நேமத் அங்கே மாணவராக இருந்த அதே ஆண்டில், இரண்டு கறுப்பின மாணவர்கள் சேரவந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழகக் கட்டட வாசலில் வந்து மறித்து நின்றார். 1971இல்தான் முதன்முதலாகக் கறுப்பின வீரர்கள் அலபாமாவின் முதன்மை அணியில் களமிறங்கினார்கள். அந்த ஆண்டே ஹன்ட்ஸ்வில் நகரில் கான்ட்ரெட்ஜ் ஹாலவே என்ற பள்ளி மாணவர் இருந்தார். மாநிலத்திலேயே தலைசிறந்த குவாட்டர்பேக்குகளில் ஒருவர். கறுப்பினக் குவாட்டர்பேக்கை ஏற்க அலபாமா இன்னும் தயாராகவில்லை என்று பிரையன்ட் அவரிடம் நேராகவே சொன்னார். ஹாலவே பக்கத்து மாநிலமான டென்னசிக்குப் போனார். 1972இல் தென்கிழக்கு மாநாடு எனப்படும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பிலேயே முதல் கறுப்பினத் தொடக்கக் குவாட்டர்பேக் ஆனார். பிறகு கனடாவில் டொராண்டோ அணி 1983 கிரே கோப்பையை வென்றபோது அதில் இருந்தார்.

அலபாமாவுக்கு அந்த நாள் வர இன்னும் சுமார் பத்தாண்டுகள் ஆயின. 1980களின் தொடக்கத்தில் வால்டர் லூயிஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1982 டிசம்பர் 29 அன்று லிபர்ட்டி பௌலில் இல்லினாயை 21-15 என வென்றது பிரையன்டின் 323ஆவது வெற்றி, கடைசி வெற்றி. அன்று அவருடைய குவாட்டர்பேக் லூயிஸ்தான். நான்கு வாரத்தில் பிரையன்ட் காலமானார்.

பார்க்கரின் காலம் இதற்கு அடுத்தது: தொடக்க ஆட்டக்காரராக 35 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமன். 2007இல் நிக் சேபன் பயிற்சியாளராக வந்த பிறகும் வெகுநாள் தற்காப்பையும் ஓட்டத்தையும் நம்பிய அதே வழிதான். கிரெக் மெக்எல்ராய், ஏ.ஜே. மெக்கரன் இருவரும் பட்டங்கள் வென்றார்கள். ஆனால் புகழ் தற்காப்புக்கும் ஓட்டக்காரர்களுக்கும் போனது. 2014இல் லேன் கிஃபின் தாக்குதல் ஆட்டத்தைக் கவனிக்க வந்ததிலிருந்து வேகம் கூடியது, எறிதல் பெருகியது.

2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதிப் போட்டி. இடைவேளையில் அலபாமா 13-0 எனப் பின்தங்கியிருந்தது. அதுவரை பெரும்பாலும் வெற்றியையே கண்டுவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டங்கோவைலோவாவைச் சேபன் இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா 16 கஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அடுத்த நகர்விலேயே 41 கஜம் எறிந்தார், டெவான்டா ஸ்மித் பிடித்தார், 26-23. அதே ஆண்டு டிசம்பர் 1, அதே அட்லாண்டா அரங்கம், அதே ஜார்ஜியா. இம்முறை காயம்பட்டு வெளியேறியவர் டுவா. ஓரத்தில் காத்திருந்த ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என வென்று கொடுத்தார். அந்த ஆண்டு முழுதும் அவர் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் ஓக்லஹோமாவுக்குப் போனார். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்காகச் சூப்பர் பௌல் வென்று ஆட்ட நாயகன் ஆனார்.

கையின் திறமைக்கு டுவாவும் யங்கும், ஆட்டத்தை வென்று தருவதற்கு டிராமல், முழங்கால் போவதற்கு முன்னிருந்த நேமத் தனி ரகம், அணிக்காகப் பொறுத்திருந்ததற்கு ஹர்ட்ஸ். இவர்களை ஒரே ஏணியில் ஏற்றி 1, 2, 3 என்று எண் போடுவது வீண் வேலை. ஆனால் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும் என்றால், அலபாமாவின் சட்டையை ஒருநாளும் போடாத ஒருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஹாலவே திருப்பி அனுப்பப்பட்ட 1971க்குச் சரியாக 50 ஆண்டு கழித்து, 2021இல், ஹைஸ்மன் விருது வாங்கிய முதல் அலபாமா குவாட்டர்பேக் ஆனார் பிரைஸ் யங். அவர் ஒரு கறுப்பின இளைஞர்.