புதுக் கிறிஸ்தவரும் குருத்துவ அழைத்தலும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

கண்டி நகரை அடுத்த அம்பிட்டியக் குன்றின்மேல் இன்று இலங்கைத் தேசிய குருமடம் நிற்கின்றது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்குச் சுதேச குருக்களை உருவாக்கவென்று பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1893 இல் நிறுவிய குருமடம் 1955 இல் பூனாவுக்குப் பெயரும்வரை இங்கேயே இயங்கியது. இந்தியாவின் மைந்தரே இந்தியாவின் மீட்புப் பணியாளராதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அக்காலத்தில் இந்தியாவின் மைந்தர் ஆயிரக்கணக்கில் அயலிலுள்ள மலைகளிலே கொழுந்து கிள்ளிக் கொண்டிருந்தனர் என்பதை இங்கு நினைத்துப் பார்த்தல் தகும்.

அதே காலப்பகுதியில் வைத்தியலிங்கம் என்ற இளைஞர் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்தார். 1875 இல் மானிப்பாயிற் சைவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்து, பின்னர் தாயோடு கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். அரசாங்க உத்தியோகம் என்பது அன்றைய யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றுக்கு எத்தகைய பேறு என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனை உதறிவிட்டு 1895 இல் அவர் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்தார். 1901 டிசம்பரில் குருவானார். வரலாற்றாசிரியராகவும் சொற்பிறப்பாராய்ச்சியாளராகவும் நாம் அறிந்த சுவாமி ஞானப்பிரகாசர் இவரே.

வேலையைத் துறந்தது முதல் குருப்பட்டம் வரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அழைத்தல் உண்மையானதா என்பதைத் தாமே தீர்மானித்துவிட அவருக்கு உரிமை இருந்ததா? திருச்சபையின் விடை தெளிவானது, அது கடுமையானதுங்கூட. புதிதாக மனந்திரும்பியவரை மேற்பார்வைப் பணிக்கு அமர்த்த வேண்டாம் என்ற எச்சரிக்கை திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் திருமுகத்திலேயே காணப்படுகின்றது. 325 இல் கூடிய நீசேயாப் பொதுச்சங்கமும் அவசரத் திருநிலைப்பாட்டைத் தடைசெய்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழியுமுன்னரே, 374 இல், திருமுழுக்கே பெறாதிருந்த அம்புரோசியாரை மிலான் நகர மக்கள் ஆயராகத் தெரிந்தனர். சில நாட்களுக்குள் அவர் திருமுழுக்கும் பெற்றார், ஆயர் பட்டமும் பெற்றார். சட்டம் இருந்தது; அதனை மீறியவரே புனிதராகவும் போற்றப்பட்டார். வரலாறு இத்தகைய வேடிக்கைகளை விரும்புவது போலும்!

இப்போது வழக்கிலுள்ள 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1042 ஆம் பிரிவு, போதியளவு சோதிக்கப்பட்டவர் என அதிகாரமுடைய தலைவர் கருதினாலன்றிப் புதுக் கிறிஸ்தவர் குருத்துவத்துக்குத் தடையுடையவரே என்கின்றது. எத்தனை ஆண்டு என்று அது வரையறுக்கவில்லை. அதற்கு முன்னரே, அழைத்தல் என்பது உள்ளத்தில் எழும் ஈர்ப்பா, ஆயர் விடுக்கும் அழைப்பா என்று பிரான்சில் ஒரு விவாதம் மூண்டது. நேரிய நோக்கமும் தகுதியுமே வேண்டப்படுவன, உள்ளீர்ப்பு இன்றியமையாததன்று, ஆயர் தெரிந்தெடுக்கும்வரை எவருக்கும் உரிமையில்லை என்ற கருத்தை 1912 இல் உரோமை ஏற்றுக்கொண்டது. இரவு உறக்கமின்றித் தன் நெஞ்சையே துருவும் இளைஞனுக்கு இது ஒருவகையில் ஆறுதல். முழுச்சுமையும் அவன் தோளில் இல்லை.

ஆயின் 'சோதித்தல்' எங்கே நிகழ்வது? ஹட்டன் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த எனக்கு இவ்வினாவே பெரிதாகத் தோன்றுகின்றது. சோதனைக்குக் காலம் வேண்டும். காலத்துக்கு நிலையான இருப்பிடம் வேண்டும். குருமடத்துக்கோ இலத்தீனும் மெய்யியலும் கற்கத்தக்க பள்ளிப்படிப்பு வேண்டும். ஞானப்பிரகாசருக்கு யாழ்ப்பாணத்திலே ஆங்கிலக் கல்வி இருந்தது. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு தன் குடும்பம் லயத்தில் இருக்குமா, மண்டபம் முகாமில் இருக்குமா என்று அறியாத ஒருவனிடம் ஆறேழு ஆண்டு காத்திரு என்று சொல்வதன் பொருள் யாது? காத்திருத்தல் ஞானம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஞானத்துக்கும் ஒரு முகவரி தேவைப்பட்டது என்பதே என் கருத்து.

இதனை உணர்ந்தவராக ஆயர் லியோ நாணயக்காரவைக் கருதலாம். 1959 முதல் கண்டி ஆயராயிருந்த அவர், 1972 இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பிச் சென்றார். மதில் சூழ்ந்த குருமடத்துக்குப் புறத்தே, கிராமத்து ஏழைகளோடும் தோட்ட மக்களோடும் வாழ்ந்து பயிலும் குருத்துவப் பயிற்சியொன்றை அங்கு அவர் தொடக்கிவைத்தார். அழைக்கப்பட்டவனைச் சோதிக்கும் இடம் இங்கு மாறிவிடுகின்றது: மாணவன் குன்றேறி வருவதற்குப் பதிலாகக் குருமடமே இறங்கிச் செல்கின்றது. 1982 இல் அவர் காலமானார்.