போர்க்களத்துக் கொடிக்கு ஓர் இரங்கல்

பிரிட்டிஷ் காலாட்படையின் கொடி கடைசியாகச் சண்டைக்குப் போனது 1881 ஜனவரி 28-இல், தென்னாப்பிரிக்காவின் லெயிங்ஸ் நெக் மலைச்சரிவில். அணிவகுப்புகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். நான் இரங்குவது குண்டுகளுக்கு நடுவே நடந்த அந்தப் பழைய கொடிக்கு.

அந்தக் காலத்து வெடிமருந்து நாலு தடவை சுட்டால் களத்தையே புகையால் மூடிவிடும். பக்கத்து ஆள் தெரியமாட்டான், கட்டளை காதில் விழாது. ‘நம் ஆட்கள் இங்கே’ என்று சொல்ல, தலைக்கு மேலே தெரியும் பட்டுத் துணிதான் இருந்தது. ஒரு பட்டாலியனுக்கு இரண்டு கொடிகள். ஒன்று அரசியின் பெயரால், மற்றது படைப்பிரிவின் பெயரால். தூக்கியவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பும் வயது அதிகாரிகள். எதிரியின் குறி அவர்கள்மேல்தான் விழும்.

1854 செப்டம்பர் 20, கிரிமியாவின் ஆல்மா ஆறு. 23-ஆம் படைப்பிரிவின் லெப்டினன்ட் ஆன்ஸ்ட்ரதர் கொடியோடு சாய்ந்தார். அதே நொடியில் மார்பில் குண்டு வாங்கிய சார்ஜென்ட் லூக் ஓ’கானர் எழுந்து அதை எடுத்துக்கொண்டார். பின்னால் போகச் சொல்லியும் கேட்கவில்லை; சண்டை முடியும்வரை சுமந்தார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த அவர் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலுக்கள் வென்றபோது, மெல்வில் என்ற லெப்டினன்ட் 24-ஆம் படைப்பிரிவின் கொடியோடு பஃபலோ ஆற்றில் இறங்கினார். வெள்ளம் கொடியைக் கொண்டுபோனது. ஆற்றைக் கடந்துவிட்ட அதே படைப்பிரிவின் லெப்டினன்ட் கோகில், தத்தளித்த மெல்வில்லுக்காகத் திரும்பி வந்தார். இருவருமே கொல்லப்பட்டனர். ஒரு துணிக்காக உயிரை விடுவதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கோகிலைத் திரும்ப வைத்தது தோழன்மேல் இருந்த பாசம். அந்தப் பாசத்தை வளர்த்ததில் கொடிக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன்.

இரண்டே ஆண்டுகளில் லெயிங்ஸ் நெக். 58-ஆம் படைப்பிரிவு கொடியை விரித்தபடி மேடேறியது. மறைந்திருந்து குறி தவறாமல் சுட்ட, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கு அது அடையாளம் காட்டிக் கொடுத்தது. கொடி ஏந்திய லெப்டினன்ட் பெய்லி பலத்த காயத்தோடு வெட்டவெளியில் கிடந்தார். பின்வாங்கும் உத்தரவு வந்த பிறகும் லெப்டினன்ட் ஆலன் ஹில் அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டு நடந்தார். அந்தக் கைகளிலேயே இன்னொரு குண்டு பெய்லியின் உயிரைப் பறித்தது. ஹில்லுக்கு விக்டோரியா சிலுவை என்ற வீர விருது கிடைத்தது. கொடிகளைக் களத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை ராணுவம் விரைவில் கைவிட்டது.

பதுங்கிச் சுடுவதே தொழிலான ரைஃபிள் படைப்பிரிவுகளுக்குத் தொடக்கத்திலிருந்தே கொடி கிடையாது. மற்றவர்களும் அவர்களைப் போலவே போரிடப் பழக வேண்டியதாயிற்று.