கான்டெசாவுக்குப் புது இன்ஜின்: எச்.பி. மட்டும் பார்த்தால் போதுமா? கவனிக்க வேண்டியவை என்ன?

ரோட்டில் ஒரு பழைய கான்டெசா போனால் இன்றைக்கும் தலைகள் திரும்பும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த இந்த காரை ‘இந்தியாவின் மசில் கார்’ என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள். அதை வைத்திருக்கும் பலருக்கும் வரும் ஆசை இதுதான்: "இதுல ஒரு பவர்ஃபுல் இன்ஜின் போட்டா எப்படி இருக்கும்?" ஆசை சரி. ஆனால் எந்த இன்ஜின்? அதை காரும் ஆர்.சி. புக்கும் தாங்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ஆசை ஏன் வருகிறது?

கான்டெசாவின் பாடி, பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் எஃப்.இ. வரிசை கார்களில் இருந்து வந்தது. ஆனால் முதலில் அதில் இருந்தது அம்பாசடர் குடும்பத்து 1,489 சிசி இன்ஜின், சுமார் 50 எச்.பி.தான். உடம்பு பெருசு, இன்ஜின் சின்னது.

இதைக் கம்பெனியே பின்னர் சரி செய்தது. ஜப்பானின் இசுஸு 1,817 சிசி பெட்ரோல் இன்ஜினும் 5 கியரும் சேர்ந்து ‘கான்டெசா கிளாசிக்’ வந்தது. பவர் சுமார் 88 எச்.பி.

எந்த இன்ஜின் உட்காரும்?

கான்டெசா, பின் சக்கரங்களால் ஓடும் கார். இன்ஜின் நீளவாக்கில் நிற்கும். இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் இன்ஜின் குறுக்குவாக்கில் இருந்து முன் சக்கரத்தைச் சுற்றும். அதைக் கழற்றி இதில் அப்படியே மாட்ட முடியாது.

ஆனால் பானட்டுக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை. இதே பாடியில் வாக்ஸால் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் போட்டு ‘வென்டோரா’ என்று விற்றது. மாடிஃபிகேஷன் பிரியர்கள் டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் இன்ஜினைப் பற்றிக் கனவு காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் ட்வின் டர்போ மாடலுக்கு ஜப்பானில் சொல்லப்பட்ட பவர் 280 பி.எஸ். முதல் கான்டெசாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல்!

எச்.பி.யா, புல்லிங்கா?

பேப்பரில் தெரியும் எச்.பி., பெரும்பாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் உச்ச அளவு. சிக்னலில் இருந்து கிளம்பவும், பாலம் ஏறவும், லாரியை முந்தவும் தேவைப்படுவது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் டார்க். மெக்கானிக் பாஷையில் ‘புல்லிங்’. டவுனுக்குள் ஓட்டும் காருக்கு உச்ச எச்.பி.யைவிட, 1,500 முதல் 3,000 ஆர்.பி.எம்.மில் இழுக்கும் இன்ஜின்தான் உதவும்.

இன்ஜினோடு சேர்ந்து மாற வேண்டியவை

* பிரேக்: வேகம் 60-ல் இருந்து 120 ஆனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதனால் பட்ஜெட்டில் முதல் இடம் பிரேக்குக்கு.
* கியர் பாக்ஸ், கிளட்ச், பின் ஆக்சில்: 50 எச்.பி.க்காகச் செய்த பல்சக்கரங்கள் 280-ஐத் தாங்காது.
* ரேடியேட்டர்: அதிக பவர் என்றால் அதிக சூடு. பழைய ரேடியேட்டரை நம்பினால் டிராஃபிக்கில் கொதிக்கும்.
* பெட்ரோல் பம்ப், வயரிங்: கார்புரேட்டருக்குக் குறைந்த அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு ஹை பிரஷர் பம்ப், இ.சி.யூ., சென்சார் வயரிங் எல்லாம் வேண்டும்.
* எடை: இன்ஜின் கனமானால் முன்பக்க ஸ்பிரிங், ஸ்டீயரிங் இரண்டும் பாதிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது இன்ஜின் நம்பர் பொருந்தாவிட்டால் சிக்கல்தான். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, இன்ஜின், சேஸி, பாடியில் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினலாக இருக்கும் வண்டிக்கே ‘வின்டேஜ்’ பதிவு. முதல் கான்டெசாக்கள் 2034-ல் அந்த வயதைத் தொடும். இன்று தூக்கி எறியும் பழைய இன்ஜின், அன்று அந்தத் தகுதியையே தீர்மானிக்கலாம்.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

தினமும் ஓட்டும் கார் என்றால், இருக்கும் இன்ஜினை முழுசா ரீபில்ட் செய்வதே பாதுகாப்பான வழி. 1.5 லிட்டர் கார் வைத்திருப்பவருக்கு அடுத்த நல்ல சாய்ஸ் இசுஸு 1.8 பெட்ரோல் இன்ஜின். கம்பெனியே இந்த பாடிக்குப் பொருத்தி விற்றது என்பதால் மவுண்ட், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் செட்டாகவே தேடலாம். ஆனால் ஆர்.சி.யில் சிசி மாறும். அதற்கு அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்ட பிறகே ஒர்க்‌ஷாப்புக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

2ஜேஇசட் மாதிரி பெரிய இன்ஜின்? அது ரோட்டுக்கான கணக்கே இல்லை. பிரேக் முதல் ஆக்சில் வரை எல்லாம் மாற்றி, ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டும் காருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

பழைய இன்ஜினைக் கழற்றினாலும் விற்றுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றி பத்திரமாக வையுங்கள். அந்த காரின் பிறப்புச் சான்றிதழ் அதுதான்.