பெருங்களத்தூர் வட்டார ஏரிகளும் மண்–நீர்ப் பாதுகாப்பு நிதியும்

தாம்பரத்தை ஒட்டிய பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், மணிமங்கலம், ஆதனூர் ஆகிய ஊர்கள் ஏரிப்பாசனத்தால் வளர்ந்தவை. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழே உள்ள ஏரிக்கோ ஓடைக்கோ தண்ணீர் போகும்படி இவை அமைந்தன. அடையாறு ஆதனூர் ஏரியில் தொடங்குகிறது. மணிமங்கலம் ஏரியின் உபரிநீரும் அதில் சேர்கிறது. ஏரிகளை ஊராரே பராமரிக்கும் குடிமராமத்து முறையைத் தமிழக அரசு மீண்டும் உயிர்ப்பித்தபோது, 2017 மார்ச்சில் அதைத் தொடங்கிவைத்த இடமும் மணிமங்கலமே. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை, ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தின் விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவேண்டும் என்பது நிபந்தனை. 2019–20இல் ஒதுக்கீடு ஏறக்குறைய 500 கோடியை எட்டியது. தொகை வளர்ந்தது நல்லதே. ஆனால் அது ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது, ஆயக்கட்டு இருக்கும் இடத்தை மட்டுமே நாடுகிறது. இவ்விரண்டும் மாறாமல் மண்ணும் நீரும் காக்கப்படா.

ஏரியைத் தூர்க்கும் வண்டல் மேட்டு நிலத்திலிருந்து வருகிறது. அங்கே வரப்பு உயராமல், ஓடையில் தடுப்பணை இல்லாமல், ஏரிக்குள் மட்டும் தூர் வாரினால் சில மழைக்காலங்களில் பழைய நிலை திரும்பிவிடும். மேட்டு நில வேலைக்கு வேளாண் பொறியியல் துறையிடமும், 2015இல் வந்த பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்திலும் பணம் உண்டு. ஏரியோ நீர்வளத் துறையிடம் இருக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே மழைநீர் மூன்று கணக்குகளில் ஓடுகிறது. புழுதிப் புயல்களுக்குப் பின் 1935இல் அமெரிக்கா மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது வேலையை உழவரின் வயலிலிருந்தே தொடங்கியது. நம் நிதியும் மேலிருந்து கீழே இறங்கவேண்டும். வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துச் செல்லலாம் என்ற விதியும், வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்ற 2024ஆம் ஆண்டுத் தளர்வும் இத்திசையில் மிகச் சரியான அடிகள்: அரித்துப்போன சத்து வயலுக்கே திரும்புகிறது.

பெருங்களத்தூரில் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன, அங்கே வேளாண் பணம் எதற்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதே அதற்கு விடை. மேல் ஏரிகள் தேக்கும் ஒவ்வொரு அடி நீரும் அந்தத் தெருக்களுக்கு வராத வெள்ளம். விவசாயியின் பங்கை நீக்கினால் ஊருக்குப் பொறுப்பு போய்விடும் என்ற வாதமும் வலுவானது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியம் ஊரின் பொறுப்புணர்வால் இயங்கியது. மாறாக, 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அந்தப் பொறுப்பைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. ஆகவே உழவர் இருக்கும் மணிமங்கலத்தில் 10 விழுக்காடு தொடரட்டும். ஆயக்கட்டு கரைந்துபோன ஊர்களில் அந்தப் பங்கை, 2021இல் பெருங்களத்தூரையும் பீர்க்கன்காரணையையும் இணைத்துக்கொண்டு உருவான தாம்பரம் மாநகராட்சி ஏற்கவேண்டும். ஏரி காக்கும் வீடுகளின் சொத்துவரி அதற்குத்தானே வருகிறது.